உப்புப் படைக்குத் தண்ணீர் கிடையாது

திருத்துறைப்பூண்டி
20 அக்டோபர் 2002

அன்புத் தம்பி ஆன்டோ,

உன் உடம்பு, சாப்பாடு, தூக்கம் பற்றியெல்லாம் அம்மா இதே கவரில் தனியாக இரண்டு பக்கம் விசாரித்திருக்கிறாள். அதனால் நான் நேராகச் சண்டைக்கு வருகிறேன்.

உன் ஆணை வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. நீ வகுத்துவிட்டுப் போன முறைப்படி கவரைப் பிரிக்காமல் பைபிளுக்குள் வைத்திருந்து, இன்று மாதா கோயில் ஹாலில் எல்லோரும் மேசையைச் சுற்றி நின்ற பிறகுதான் கிழித்து உரக்கப் படித்தேன். உன் பகடையை உனக்குப் பதிலாக நான் உருட்டினேன். ஆறாவது மதகு விழுந்தது. தியாகராசன் தலையில் கை வைத்துக்கொண்டான். “பஸ்ல டிக்கெட் எடுக்காம எறங்குறவன்கூட இவ்வளவு நைசா எறங்கமாட்டான் டீச்சர். எங்கேயோ உக்காந்துக்கிட்டு என்னய முடிச்சிட்டானே!” என்று புலம்பினான். கண்டக்டர் புலம்பினால் ஹாலே அதிரும்.

அந்தச் சத்தத்துக்குத்தான் புதுப் பங்குச் சாமியார் எட்டிப் பார்த்தார். மேசை மேல் பாறைபோல் கசக்கிய காகித மலை, வைக்கோல், களிமண் வாய்க்கால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “அக்டோபர்லயே கிறிஸ்துமஸ் குடில் போட ஆரம்பிச்சிட்டீங்களா?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “குடில் சாமான்தான் சாமி, ஆனா இது போர்க்களம்” என்று சொல்லி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விளக்கினேன். இது ஏழு மதகு நாடு. ஆளுக்கொரு படை. நாகப்பட்டினத்தில் கிழிந்த வலைகளிலிருந்து கழற்றிய ஈயக்குண்டை உருக்கி, குடில் பொம்மைக்குச் செய்வதுபோலவே அச்சு செய்து, நாங்களே வார்த்த பொம்மைகள். டெய்லர் டேப்பால் அளந்து நகர்த்துவோம், பகடை உருட்டி வெட்டுவோம். மாதம் ஒரு ஞாயிறு ஒரு போர். மேசையில் என்ன நடந்ததோ அதை வைத்து அடுத்த மாதத்துக் கதையை நான் எழுதி வாசிப்பேன். வருகிற பொங்கல் லீவில் கடைசிப் போர், அதோடு கதை முடிகிறது. என் தம்பி சவூதியிலிருந்து தபாலில் ஆடுகிறான், அவன்தான் உப்பரசன். அவனுடைய உப்புப் பூதங்கள் வாளுக்கும் வேலுக்கும் அசையாது. ஆனால் தண்ணீரில் கால் வைத்தால் கரைந்துவிடும். கரைந்ததை மேசையை விட்டே எடுத்துவிட வேண்டும். இப்படியெல்லாம் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதுல யாரு நல்லவங்க?” என்றார்.

இனி மிச்சம் ஏழாவது மதகு மட்டும்தான். மருதையனின் கடைமடைக் கோட்டை. மார்ச்சில் அதைப் பிடிக்க முடியாமல் சுற்றிக்கொண்டு போனாயே, அதேதான். மருதையனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் நிஜ வயலில் விதைத்தது முளைத்து ஒரு சாண் நிற்கிறது. தண்ணீர் இல்லை. மேட்டூரில் திறந்தது நம் பக்கம் வருவதற்குள் வழியிலேயே தீர்ந்துபோகிறது. போன வருஷமும் இதே கதி. அவன் அப்பா ஊரான் நிலத்தில் நட்டும் அறுத்துமே போய்ச் சேர்ந்தார். அந்த வீட்டுக்குச் சொந்த நிலம் என்று வந்தது இவன் காலத்தில்தான். அதுவும் இப்படிக் கண்ணெதிரே காய்கிறது. வாரம் முழுக்க வாயைத் திறப்பதில்லை என்று அவன் அக்கா ரெங்கம்மாள் சொல்கிறாள். இங்கே வந்தால் மட்டும் பேசுகிறான். தன் கொக்குத்தலை வீரர்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துக் கோட்டைச் சுவரில் நிறுத்துகிறான்.

கொஞ்சம் பார்த்து ஆடு தம்பி. நடுவராக இருந்துகொண்டு நான் இதற்கு மேல் சொல்லக்கூடாது.

உன் அக்கா,
அருள்மேரி


கேம்ப்
3 நவம்பர் 2002

அக்கா,

ஆறாவது மதகு விழுந்ததைப் படித்து நான் போட்ட சத்தத்தில் மேல் கட்டிலில் படுத்திருந்த பெங்காலி எழுந்து உட்கார்ந்துவிட்டான். தமிழும் தெரியாது, இந்த விளையாட்டும் தெரியாது, ஆனாலும் கை கொடுத்தான். நல்ல மனுஷன்.

அம்மாவுக்கு நான் வெல்டராகவே இருக்கட்டும். உனக்கு மட்டும் சொல்கிறேன். என் ஐ.டி.ஐ. சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு, கழிவுத் தொட்டி இறைக்கிற லாரியில் விட்டுவிட்டார்கள். பாஸ்போர்ட் சூப்பர்வைசர் பெட்டியில். எனக்கு இங்கே பெயர் கிடையாது, சட்டையில் தைத்திருக்கும் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். போன வாரம் குழாய் மூட்டுக்குள் வலது கை மாட்டிக்கொண்டது. இரண்டு விரல் நீலமாக வீங்கிக் கிடக்கிறது. டாக்டரிடம் அனுப்பவில்லை. எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான், குடித்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இங்கே அதற்கும் வழியில்லை.

நாள் முழுக்க அந்த நாற்றத்தில் நிற்கும்போது என் தலைக்குள் என்ன ஓடும் தெரியுமா? ஏழு மதகு நாடு. எந்த வாய்க்கால் ஓரமாகப் போனால் பூதங்கள் நனையாது, எங்கே பாலம், எங்கே மேடு என்று யோசித்துக்கொண்டே ஒரு தொட்டியை முடித்துவிடுவேன். ஒரு உப்புப் பூதத்தைக் கொண்டுவந்தேன் அல்லவா, அது தலையணைக்கு அடியில் இருக்கிறது.

நீ என்னவென்றால் கொஞ்சம் பார்த்து ஆடு என்கிறாய்! ஏன் பார்த்து ஆட வேண்டும்? உலகத்திலேயே நான் சொன்னால் நாலு பேர் நகர்கிற இடம் அந்த மேசை ஒன்றுதான். அங்கேயும் நான் தோற்க வேண்டுமா? எனக்கு விசா வந்தபோது மருதையனுக்கும்தான் வந்தது. “நெலத்த விட்டுட்டு வரமாட்டேன்டா” என்று வீம்பாக நின்றான். நின்றவன் நிற்கட்டும். நான் கிளம்பி வந்தவன், முன்னால்தான் போவேன்.

ஆணை தனிக் கவரில் இருக்கிறது. கேம்ப்புக்கு எதிரில் இருக்கும் மலையாளிக் கடையின் போன் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். ரொம்ப ஆபத்து என்றால் மட்டும் கூப்பிடு, சும்மா கூப்பிட்டால் அவருக்குத் தொந்தரவு.

உப்பரசன்
ஆன்டோ


திருத்துறைப்பூண்டி
24 நவம்பர் 2002

அன்புள்ள ஆன்டோ,

ஒரு காரியம் செய்துவிட்டேன். கோபப்படாமல் கடைசிவரை படி.

இந்த வாரம் மருதையன் வயலுக்கு வருகிற வாய்க்காலில் வெறும் சேறு. அதுவும் வெடித்துவிட்டது. மழையும் ஏமாற்றிவிட்டது. அப்படி ஒரு வாரத்தில் உன் கவரைப் பிரிக்கிறேன். எதிரில் அவன் நிற்கிறான். நீ என்ன எழுதியிருந்தாய்? ‘கடைமடைக் கோட்டையைச் சுற்றி வளை. வாய்க்காலை மேலேயே அடை. ஒரு சொட்டு உள்ளே போகக்கூடாது.’ அதை அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படியடா வாசிப்பேன்? ‘படைக்கு ஓய்வு, ஆறாவது மதகிலேயே நில்’ என்று வாய்க்கு வந்ததை வாசித்துவிட்டேன்.

மற்ற இரண்டு ஆட்டக்காரர்கள், இளையபெருமாளும் தியாகராசனும், நம்பிவிட்டார்கள். மருதையன் மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். “ஆன்டோ ஓய்வு எடுக்கிற ஆளு இல்லியே. குடுங்க டீச்சர்” என்று கையை நீட்டினான். எனக்குக் கொடுக்காமல் இருக்கத் தெரியவில்லை. நின்றபடியே இரண்டு முறை படித்தான். மடித்து மேசையில் வைத்தான்.

“அவன் சரியாத்தான் ஆடிருக்கான். நானா இருந்தாலும் வாய்க்காலத்தான் அடைப்பேன். நீங்கதான் என்னய ஒரு ஆளா மதிக்கல” என்றான்.

“அப்படி இல்ல மருது…” என்று ஆரம்பித்தேன்.

“பாவம் பாத்து வெளையாட விட்டீங்க. அதுக்கு நீங்க என்னய வராதேன்னு சொல்லிருக்கலாம்.” அவ்வளவுதான். கொக்குகளை எடுத்துக்கொள்ளக்கூட இல்லை. கோட்டைச் சுவரில் அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டான். வெளியில் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்க் கூப்பிட்டேன், திரும்பவில்லை.

நான் நல்லதுதானே நினைத்தேன்? இந்த மேசை ஒன்றாவது அவனுக்கு மிஞ்சட்டும் என்று நினைத்தது தப்பா? நீயாவது அவனுக்கு ஒரு வரி எழுதேன். அவன் முகம் எனக்குப் பிடிக்கவே இல்லை ஆன்டோ. பயமாக இருக்கிறது.

அருள்மேரி


கேம்ப்
8 டிசம்பர் 2002

அருள்மேரி டீச்சருக்கு,

அக்கா என்று எழுதக் கை வரவில்லை.

யாரைக் கேட்டு என் ஆணையை மாற்றினாய்? அந்த ஒரு தாளை எழுத எனக்கு எத்தனை ராத்திரி ஆனது தெரியுமா? டேப் இல்லாமல், மேசை இல்லாமல், தரையில் கரிக்கோடு போட்டு அளந்து பார்த்து, வீங்கிய விரலோடு எழுதினேன். இந்தக் கடிதத்தை இடது கையால் எழுதுகிறேன். வலது கை இப்போது மடங்குவதில்லை. கை மாட்டிக்கொண்டதைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். விரல் நீலமாக இருக்கிறது என்று எழுதியிருந்தேன். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தேன். அதற்கு நீ பதில் எழுதிய இரண்டு பக்கத்தில் கை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை இருக்கிறதா பார். நான் நாலு தரம் தேடினேன். இல்லை. எல்லாம் மருதையன், மருதையன் நின்றான், மருதையன் போனான்.

சின்ன வயதிலிருந்து நீ இப்படித்தான். எனக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் சண்டை என்றால், நியாயம் பேசுகிறேன் என்று அவன் பக்கம் போய் நிற்பாய். நீ எனக்கு அக்காவா நடுவரா? ஒரு நாளாவது தம்பி என்று என் பக்கம் நின்றிருக்கிறாயா?

அவனுக்காவது வாசலில் வந்து நிற்க ஒரு அக்கா இருக்கிறாள், ஓடிவந்து கூப்பிட நீ இருக்கிறாய். எனக்கு யார்? பெங்காலியும் போன வாரம் வேறு கேம்ப்புக்குப் போய்விட்டான். லாரித் தொட்டி மேல் ஏறித்தான் மூடியைத் திறக்க வேண்டும். நல்ல உயரம். சில நாள் மேலே போய் நின்றால் இறங்கத் தோன்றுவதில்லை. இதையும் படித்துவிட்டு மருதையன் எப்படி இருக்கிறான் என்று எழுது.

விளையாட்டு போதும். உப்பரசன் செத்துவிட்டான் என்று கதையை முடித்துக்கொள். உனக்குத்தான் இஷ்டப்படி வாசிக்கத் தெரியுமே.

ஆன்டோ


திருத்துறைப்பூண்டி
22 டிசம்பர் 2002

என் ஆன்டோ,

திட்டு. நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. கையைப் பற்றிக் கேட்காதது என் தப்புதான், ஆயிரம் தரம் என் தப்பு. டாக்டரிடம் காட்டச் சொல்லி அந்த சூப்பர்வைசரிடம் அழுத்திக் கேள். இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இரு, எல்லாம் சரியாகிவிடும். உனக்காகத் தினமும் ஜெபமாலை சொல்கிறேன்.

ஆனால் இப்போது நான் சொல்வதைக் கேள். எனக்கு வேறு ஆள் இல்லை.

முந்தாநாள் ரெங்கம்மாள் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். பிள்ளைகள் எதிரில் என் காலைப் பிடிக்கப் போனாள். மருதையன் வயலில் மாட்டை இறக்கிவிட்டுவிட்டானாம். பயிர் இனித் தேறாது என்று தெரிந்த பிறகு, மாட்டு வயிறாவது நிறையட்டும் என்று அவிழ்த்துவிடுவார்கள் அல்லவா, அப்படி. மாடு மேய்ந்து முடிக்கிறவரை வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தானாம். ஒரு பொட்டுக் கண்ணீர் இல்லையாம். “அழுதான்னா நான் பயப்படமாட்டேன் டீச்சர். சிரிச்ச மாதிரி ஒக்காந்திருந்தான்” என்கிறாள். பூச்சிமருந்து டப்பாவையெல்லாம் அவளே தூக்கிக்கொண்டுபோய் வேறு வீட்டில் வைத்துவிட்டாள். ராத்திரி அவன் வாசலில் குறுக்கே படுத்துக்கொள்கிறாள்.

யாரோடும் பேசுவதில்லை. அவளிடம் ஒன்றே ஒன்று மட்டும் கேட்டானாம். “ஆன்டோ அடுத்து என்ன எழுதிருக்கான்?” மறுநாளும் அதையே கேட்டிருக்கிறான். “நெசமா அவன் எழுதுனா நான் போவேன். டீச்சர் எழுதுனா போகமாட்டேன்” என்றானாம்.

புரிகிறதா? அவன் அந்தக் கோட்டைக்கு இன்னும் காவல் இருக்கிறான். நீ வருவாய் என்று காத்திருக்கிறான். அந்த நூல் அறுந்துவிடக்கூடாது ஆன்டோ. மாட்டுப் பொங்கலன்று கடைசிப் போர். சாமியாரிடம் கேட்டு ஹாலை வாங்கிவிட்டேன். மூன்று ராஜாக்கள் திருநாளுக்குப் பிறகு குடிலைப் பிரித்து, அதே சாமானில் மேசை போடுகிறேன். நீ ஒரு ஆணை அனுப்பு. இரக்கம் வேண்டாம், அதை அவன் முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவான். உன் மனதில் என்ன இருக்கிறதோ அதை எழுது. நான் தொடமாட்டேன். அவன் கையாலேயே பிரிக்கட்டும். என்னை அக்கா என்று கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, இதைச் செய்.

பொங்கலுக்குள் உன் பதில் வந்து சேர வேண்டுமே என்று அவசரமாக எழுதுகிறேன்.

அருள்மேரி


கேம்ப்
3 ஜனவரி 2003

அக்கா,

மன்னார்குடிக்காரர் ஒருவர் லீவில் வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். பொங்கலுக்குள் உன் கைக்கு வந்துவிடும்.

நீ கேட்டபடி மனதில் இருப்பதைத்தான் எழுதியிருக்கிறேன். யாருக்கும் பிச்சை போடவில்லை. உள் கவரை மருதையன் பிரிக்கட்டும்.

அப்பாவையும் அம்மாவையும் பார்த்துக்கொள். தலையணைக்கு அடியில் இருந்த பூதத்தையும் அந்த மன்னார்குடிக்காரரிடமே கொடுத்திருக்கிறேன். படை முழுசாக இருந்தால்தானே மேசையில் வைக்க முடியும்.

ஆன்டோ


திருத்துறைப்பூண்டி
17 ஜனவரி 2003

ஆன்டோ, என் தம்பி,

நீ இதைப் படிக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். படித்துக்கொண்டே இரு. எங்கேயும் எழுந்து போகாதே.

மாட்டுப் பொங்கலன்று காலையில் ரெங்கம்மாள் அவனைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். ஆள் பாதியாகிவிட்டான். சட்டை தோளில் தொங்குகிறது. உள்ளே வந்ததும் கொக்குகளை அவன் விட்டுப்போன இடத்திலேயே சுவரில் மறுபடி நிறுத்தியிருக்கிறேனா என்று பார்த்தான். கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது அவன் எழுத்து இல்லியே” என்றான். “கை அடிபட்டிருக்கு, இடது கைல எழுதுறான்” என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிரித்தான். அவனுக்கு வேகமாக வாசிக்க வராது. ஒவ்வொரு வார்த்தையாக உரக்கப் படித்தான்.

‘உப்பரசன் ஆணை. என் படை முழுவதும் கடைமடைக் கோட்டை வாசலுக்கு வருகிறது. தாக்கவில்லை. ஆயுதங்களைக் கீழே போட்டாயிற்று. கோட்டைக்குள் இருக்கும் குளத்தில் இறங்க அனுமதி கேட்கிறோம். எல்லாப் பூதங்களும். கடைசியில் அரசனும். நாங்கள் கரைந்த பிறகு ஏழு மதகும் மருதையனுக்கு. நடுவர் பகடை உருட்ட வேண்டாம்.’

தியாகராசன் விசில் அடித்தான். “மருது, ஜெயிச்சிட்டடா! ஏழு மதகும் உனக்கு!” இளையபெருமாள் அவன் முதுகில் தட்டினான். நான் பயந்தேன். எதற்குத் தெரியுமா? நீயும் பிச்சை போட்டுவிட்டாயே, மருதையன் மறுபடி எழுந்து போய்விடுவானே என்று. கடவுளே! அந்த நிமிஷத்திலும் நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் எழுந்திருக்கவில்லை. தாளைக் கீழே வைக்கவும் இல்லை. “டீச்சர், ஆன்டோ உங்களுக்கு எழுதுன லெட்டர் எல்லாத்தையும் எடுத்தாங்க” என்றான். “எதுக்கு மருது?” என்றேன். “எடுத்தாங்கன்னு சொல்றேன்ல!” என்று கத்தினான். அவன் கத்தி நான் கேட்டதே இல்லை. வீட்டுக்கு ஓடி எடுத்துவந்தேன்.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் படித்தான். லாரித் தொட்டி மேல் ஏறினால் இறங்கத் தோன்றுவதில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த வரியில் விரலை வைத்தான்.

“இதப் படிச்சீங்களா?”

“படிச்சேன்.”

“இதப் படிச்சிட்டா எனக்காக அழுதுக்கிட்டிருந்தீங்க?”

படித்தேன். கோபத்தில் எழுதுகிறான் என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று பதில் எழுதினேன். சொந்தத் தம்பி எழுதியதை நான் படித்த லட்சணம் இதுதான்.

“தண்ணில எறங்கணும்னு அவன் எதுக்குக் கேக்குறான்னு எனக்குத் தெரியும் டீச்சர். இங்க வேற யாருக்கும் தெரியாது” என்றான். ரெங்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “அழுவாத. போன் நம்பர் இருக்கு, மொதல்ல அதப் பாப்போம்” என்றான்.

பொங்கலுக்கு எல்லாக் கடையும் சாத்தியிருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரே ஒரு டெலிபோன் பூத் திறந்திருந்தது. மலையாளிக் கடைக்காரர் எடுத்தார். உன்னைக் காலையில் லாரியில் பார்த்தாராம், ராத்திரி வந்தால் சொல்கிறேன் என்றார். மருதையன் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினான். “அண்ணே, ராத்திரி வேணாண்ணே. இப்பவே யாரையாவது அனுப்புங்க. அவன லாரி மேல ஏற விடாதீங்க. உங்க கால்ல விழுறேன்” என்றான். மறுபடி இரண்டு தரம் பேசினோம். சாயங்காலம்தான் நீ கிடைத்தாய் என்றார். கடை வாசலில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறான், டீ கொடுத்திருக்கிறேன், போனுக்கு வாடா என்றால் வரமாட்டேன் என்கிறான், அழுகிறான் என்றார். அழட்டும், அழட்டும் என்று நான் மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேனாம். தியாகராசன் சொல்கிறான், எனக்கு நினைவில்லை.

எல்லோரும் ஹாலுக்குத் திரும்பி வந்தோம். யாருக்கும் வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. மருதையன் கோட்டையின் அட்டைக் கதவைத் திறந்தான். உன் பூதங்களை ஒவ்வொன்றாகத் தன் கையால் எடுத்து உள்ளே வைத்தான். தலையணைக்கு அடியிலிருந்து வந்ததைக் கடைசியாக, தன் கொக்குகளுக்கு நடுவில் வைத்தான். குளத்துக்காக ஒரு கண்ணாடித் துண்டு போடுவோமே, குடிலில் போடுகிற அதே கண்ணாடி, அதை எடுத்துக் கவிழ்த்து வைத்தான்.

“உப்புப் படைக்கு எடம் உண்டு. தண்ணி கெடையாது. இதுக்கு விதி இருக்கா டீச்சர்?”

“இருக்கு” என்றேன். அப்படி ஒரு விதி இல்லை, உனக்கும் தெரியும். ஆனால் நான் உன் பக்கம் நின்று வாசித்த முதல் தீர்ப்பு அது.

திங்கட்கிழமை திருவாரூருக்குப் போய், உன்னை மீட்டு ஊருக்குக் கொண்டுவரச் சொல்லிக் கலெக்டரிடம் மனு கொடுக்கிறோம், நானும் அவனும். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா படுத்துவிட்டாள், ஆனாலும் உனக்கு விரலுக்குத் தைலம் அனுப்ப வேண்டும் என்கிறாள். சாமியாருக்குச் சென்னையில் இதற்கென்றே அலைகிற ஒருவரைத் தெரியுமாம். எத்தனை நாளாகும், நடக்குமா, எதுவும் எனக்குத் தெரியாது. பொய்யாக ஒன்றும் சொல்லமாட்டேன். உன் கை எப்படி இருக்கிறது? மடக்க முடிகிறதா? காய்ச்சல் வருகிறதா? சீழ் இருக்கிறதா? எல்லாவற்றையும் எழுது. இந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுது, வேறு ஒன்றும் வேண்டாம்.

மேசையைக் கலைக்கவில்லை. கீழே மருதையன் எழுதுகிறான்.

அக்கா

டேய் ஆன்டோ, உன் படைய உள்ள விட்டுட்டேன். தண்ணி மட்டும் கேக்காத, தரமாட்டேன். நெலத்த விட்டுட்டு வரமாட்டேன்னு அன்னைக்கு வீம்பு பேசுனேன்ல, இப்ப அதுல ஒண்ணும் இல்ல, மாடு மேஞ்சிடுச்சு. நானும் போயிடலாம்னுதான் இருந்தேன். நீ என்ன எழுதுறேன்னு பாத்துட்டுப் போவோம்னு இருந்தேன். இப்ப போக முடியாது. உன் ஆளுங்க மொத்தமும் என் கோட்டைக்குள்ள நிக்கிறானுங்க, நான் போயிட்டா அவனுங்கள யாரு பாப்பா? நீ வந்து கூட்டிக்கிட்டுப் போற வரைக்கும் நான் இருப்பேன். நீயும் இரு.